பார்க்க ஆளில்லாத கூத்துக்கு விமர்சனம் எதற்கு?

பிப்ரவரி 9: கொல்லங்கோட்டு வாசகர் ஒருவர் கேட்டது

"கல்பாத்திக் கச்சேரிகளைப் பற்றி எழுதுகிறீர்கள், சரி. பழைய படங்களைப் பற்றி எழுதுகிறீர்கள், அதுவும் சரி. தோல்பாவைக்கூத்தை ஏன் இழுக்கிறீர்கள்? அது பகவதி பார்ப்பதற்காக நடப்பது. எதிரே உட்காரும் மனிதர்கள் கணக்கிலேயே இல்லை. அர்ச்சனையை விமர்சிப்பீர்களா? இதையும் அப்படியே விட்டுவிடுங்கள். தவிர, நீங்கள் ராகம் படித்தவரும் இல்லை, கம்பனைப் பாடம் கேட்டவரும் இல்லை."

பிப்ரவரி 9, இரவு

கடைசி வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். பாடம் கேட்டவன் இல்லை என்பது உண்மை. பாலக்காட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் உரக்கடை நடத்துகிறவன் நான். கடை சாத்திய பிறகு கிடைக்கும் பொழுதில் கச்சேரிக்கும் கூத்துக்கும் போகிறவன். என் கடைக்கு வரும் விவசாயிக்கு உரம் தயாரிக்கத் தெரியாது. ஆனாலும் சரக்கு மட்டம் என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

மற்றது நாளை.

பிப்ரவரி 10

கதை தெரியாதவர்களுக்காக முதலில் இது. ராமனும் ராவணனும் போர் செய்துகொண்டிருந்தபோது பத்ரகாளி தாரிகாசுரனோடு சண்டையில் இருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் இலங்கையில் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் பார்க்கத் தவறியதை, தோலில் வெட்டிய பாவைகளின் நிழலைத் திரையில் விழச்செய்து ஆண்டுதோறும் அவளுக்குக் காட்டுவதுதான் தோல்பாவைக்கூத்து. பாரதப்புழையை ஒட்டிய பகவதி கோயில்களில் கூத்து நடக்கும் கட்டடமான கூத்துமாடம் சன்னிதியைப் பார்த்தபடி கட்டப்பட்டிருப்பது அதனால்தான். 7 இரவு, 14, 21, சில இடங்களில் 41, 71 என்றுகூட நடக்கும். பாட்டு பெரும்பாலும் கம்பனுடையது. மலையாள நாட்டின் நடுவில், காளி கோயிலில், விடிய விடியத் தமிழ்ப் பாட்டு.

கொல்லங்கோட்டு அண்ணா சொல்வதுபோலப் பார்வையாளர் பகவதிதான். அதனால் விமர்சனம் கூடாது என்று எப்படி முடிவுகட்டுகிறார்? போரைப் பார்க்க முடியாமல் போனவளுக்கு அதை அரைகுறையாகக் காட்டலாமா? மாடத்துக்குள் பாடிப் பாவையாட்டும் புலவர்களே ஒருவரையொருவர் சும்மா விடுவதில்லை. ஒருவர் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிக்கும்போது, எதிர்ப் பாவைக்குக் குரல் கொடுப்பவர் இடைமறித்துக் கேட்கிறார். பதில் வழவழவென்று வந்தால் மேலும் குடைகிறார். வெளியே ஈ காக்கை கிடையாது. பிறகு யாருக்காக இந்தக் கெடுபிடி? ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற ஆய்வாளர் இந்தக் கூத்தைப் பற்றி 1996-ல் ஒரு நூல் வெளியிட்டார். வெளியே கேட்க ஆளில்லாத நிலையில் புலவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், ஒருவர் பேச்சுக்கு மற்றவரே அவையாகிறார் என்பது அதில் முக்கியமான செய்தி. ஆக, மாடத்துக்குள் விமர்சகர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வெளியே உட்கார்ந்திருக்கும் ஒரு கூடுதல் ஆள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 10, பின்னிரவு

அர்ச்சனையையும் விமர்சிக்கத்தான் செய்கிறோம் அண்ணா. "நம்பூதிரி இன்று ஏதோ அவசரத்தில் இருக்கிறார்" என்று பிரசாதம் வாங்கிய கையோடு சொல்லாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 14

ஒற்றப்பாலத்தில் பெரியம்மா இருக்கிறார். அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அருகில் ஒரு காவில் (பகவதி கோயிலில்) நடக்கும் கூத்துக்குப் போனேன். கும்பகர்ணன் இரவு. வெளியே சால்வை போர்த்திய முதியவர் ஒருவர், சுண்டல் விற்று முடித்துவிட்டுப் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர், நான்.

திரைத்துணியின் மேல்பகுதி வெள்ளை, கீழ்ப்பகுதி கறுப்பு. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட சட்டத்தில் 21 தேங்காய் மூடிகளில் விளக்கு. முதலில் வெளியே இருந்து பார்த்தேன். பிறகு அனுமதி கேட்டு மாடத்தின் பக்கவாட்டுக் கதவருகே நின்றேன். உள்ளே அனல். ஓர் இளைஞர் செம்பிலிருந்து எண்ணெய் ஊற்றிக்கொண்டே வருகிறார். கடைசி மூடிக்கு வந்து சேர்வதற்குள் முதல் மூடி மங்கத் தொடங்கிவிடுகிறது, மறுபடி அங்கே ஓடுகிறார். அவர் ஒவ்வொரு முறையும் திரியைத் தூண்டும்போது வெளியே கும்பகர்ணன் ஒரு சாண் வளர்ந்து குறைகிறான். பாவை மான்தோல். பேசாத பாவைகளைத் துணியோடு சேர்த்து முள்ளால் குத்தி நிறுத்தியிருக்கிறார்கள். பேசும் பாவைக்கு ஒரு கை மட்டும் அசைகிறது. மணிக்கணக்கில் அந்த ஒரு கைதான் நடிப்பு.

விபீஷணன் வந்து, ராமன் பக்கம் சேர்ந்துவிடு என்று அண்ணனை அழைக்கும் கட்டம். கும்பகர்ணன் மறுக்கிறான். "நீர்க்கோல வாழ்வை நச்சி" என்று பாட்டு எழுந்ததும் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. தண்ணீரில் போட்ட கோலம் போன்ற இந்த வாழ்வை ஆசைப்பட்டு, இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலமும் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் உன்னோடு வரமாட்டேன் என்கிறான். மூத்த புலவர் அதோடு விடவில்லை. சோறு போட்டவனுக்குக் கடன், ஒரு வயிற்றில் பிறந்ததற்குக் கடன், தர்மத்துக்குக் கடன் என்று மூன்றையும் எடுத்து எது பெரிது என்று வழக்கு நடத்தினார். விபீஷணனுக்குக் குரல் கொடுத்தவர் லேசுப்பட்டவர் இல்லை. "தர்மம் இல்லாதவன் போட்ட சோறு கடனாகுமா?" என்று கேட்டார். மேடை நாடகத்தில் இந்த இடத்துக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். இங்கே ஒரு வெற்றிலை போட்டு முடிக்கும் நேரத்தைத் தாண்டியும் வழக்கு ஓடியது. மூத்தவர் ஜெயிக்கவில்லை, விடவுமில்லை.

குறையும் சொல்லவேண்டும். போர்க்களக் காட்சிக்கு வந்ததும் எல்லோருக்கும் விடியற்காலை அவசரம் வந்துவிட்டது. பேச்சுக்குக் கொடுத்த பொறுமையில் கால்பங்கு சண்டைக்குக் கொடுக்கவில்லை. பகவதி பார்க்கத் தவறியது சண்டையைத்தானே?

இன்னொன்று. கும்பகர்ணனை எழுப்பும் இடத்தில் நான் தூங்கிவிட்டேன்.

பிப்ரவரி 15

"தூங்கியவர் எந்த முகத்தோடு எழுதுகிறார்" என்று கேட்டு மூன்று பேர் வந்துவிட்டார்கள். தூங்கியதை எழுதியதால்தானே உங்களுக்குத் தெரிகிறது? எங்கே உட்கார்ந்தேன், எப்போது வந்தேன், எப்போது போனேன், எதைக் கேட்கவில்லை என்பதையெல்லாம் முதலில் வைக்கவேண்டும். நன்று, தீது எல்லாம் அதற்குப் பிறகு. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்து போய்விட்டு, மறுநாள் "மிருதங்கம் அபாரம்" என்று எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். நான் அந்த ஜாதி இல்லை.

பிப்ரவரி 16: கொல்லங்கோட்டு வாசகர்

"அந்த இரவு நானும் அங்கேதான் இருந்தேன், கோயில் திண்ணையில். நீங்கள் தூங்கிய இடத்தில்தான் விஷயமே. யானைகளை மேலே நடக்கவிட்டும் எழுந்திருக்காத கட்டத்தை இளைய புலவர் ஓட்டமாக ஓட்டிவிட்டார். போன ஆண்டு இதே இடத்தில் மாடமே சிரித்தது."

பிப்ரவரி 16, மாலை

அண்ணா, நீங்கள் எழுதியதற்கு என்ன பெயர்?

பிப்ரவரி 17

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் "அது கம்பன் தமிழே இல்லை, கொச்சை" என்கிறார். அவர் பாதி கேட்டிருக்கிறார். பாட்டு கம்பனுடையது, வாய்வழியாக வந்ததில் சொற்கள் தேய்ந்திருக்கின்றன, சில இடங்களில் மலையாள உச்சரிப்பில் உருமாறியிருக்கின்றன. பாட்டுக்குப் பின் வரும் விளக்கம்தான் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. நம் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் தக்காளி விலை பேசும் மொழியும் அதுதான். அதைக் கொச்சை என்றால் எங்கள் ஊரே வாய் மூடவேண்டியிருக்கும்.

கம்பனில் இல்லாததும் கூத்தில் உண்டு. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் தவம் செய்வதும், லட்சுமணன் கையால் அவன் சாவதும் அப்படி வந்தவை. அதைச் சேர்த்ததால் சூர்ப்பணகை வெறும் மோகத்தோடு வருகிறவளாக இல்லாமல், மகனைப் பறிகொடுத்தவளாகவும் ஆகிவிடுகிறாள். மூக்கறுபடும் காட்சியின் எடையே மாறிவிடுகிறது. இதைப் பிழை என்று எழுதினால் எழுதுகிறவனுக்குத்தான் பிழை.

நானும் ஒருமுறை கைப்பேசியில் கம்பனைத் திறந்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒத்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் அந்த வெளிச்சம் பொறுக்காமல், "பரீட்சைக்கா வந்திருக்கிறாய்?" என்றார். அணைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் காது திறந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் பாதிப் பாட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முழித்தேன். புத்தகத்தை வீட்டிலேயே படித்துவிட்டுப் போவது உத்தமம்.

பிப்ரவரி 18

நாகர்கோவில் பக்கத்துத் தோல்பாவைக்கூத்தையும் இதையும் ஒன்றாக்கிப் பேசவேண்டாம். அங்கே வண்ணம் தீட்டிய, ஒளி ஊடுருவும் ஆட்டுத்தோல் பாவைகள். நடத்துபவர்கள் வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர்கள். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து வயிறு வலிக்கச் சிரிக்கவைப்பார்கள். இங்கே பாவை கருநிழல். துளையிட்ட இடத்தில் மட்டும் வெளிச்சம். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் செல்லாது.

பிப்ரவரி 23

பேச்சு கச்சேரிக்குத் திரும்பிவிட்டதால் இது. போன நவம்பரில் கல்பாத்தித் தேர் சமயத்தில் ஒரு கச்சேரி. முதல் பாதி ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அடியில் இடம் கிடைத்தது. மிருதங்கம் தகர டப்பாவாகக் கேட்டது. வயலின் காதைக் கிழித்தது. இடைவேளையில் எழுந்து தெருவுக்குப் போய், ஒரு வீட்டுத் திண்ணையோரம் நின்றேன். அதே மிருதங்கம், அதே கை. இப்போது தொப்பி (மிருதங்கத்தின் இடப்பக்க) ஒலி தனியாக, உருண்டையாக வந்தது. முதல் பாதியோடு வீட்டுக்குப் போயிருந்தால் அந்த வித்வானைப் பற்றி என்ன எழுதியிருப்பேன்? எழுதியிருக்கவேண்டியது ஒலியமைப்பாளரைப் பற்றி.

மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் (1912–1981) மைக்கே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர். அந்தப் பிடிவாதத்தை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு தரம் பெட்டிக்கு அடியில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஆனால் திண்ணையில் எனக்கு அந்தத் தொப்பி ஒலி வந்து சேர்ந்ததும் மைக்கால்தான். மணி ஐயர் சொன்னபடி நடந்திருந்தால் தெருவில் நின்ற எனக்குப் பாதிக் கச்சேரி போயிருக்கும். அவர் கட்சியிலும் என்னால் முழுதாகச் சேர முடியவில்லை.

பிப்ரவரி 24

மஞ்ஞப்ராக்காரரான எம்.டி. ராமநாதனும் (1923–1984) கே.வி. நாராயணசாமியும் (1923–2002) ஒரே ஆண்டில், ஒரே பாலக்காட்டு மண்ணில் பிறந்த பாடகர்கள். முன்னவர் டைகர் வரதாச்சாரியாரின் சீடர், பின்னவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் சீடர். ராமநாதனின் விளம்பம், அதாவது மெதுவான நடை, அவர் காலத்தில் பலருக்குப் பொறுமையைச் சோதித்த விஷயம். இன்று அதே விளம்பத்துக்காகத்தான் அவரைத் தேடித் தேடிக் கேட்கிறார்கள். பாட்டு மாறவில்லை. அன்று "மந்தம்" என்று சொன்னவரின் காது கெட்டதா? அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய ரசிகனுக்கு அந்தக் காலப்பிரமாணம் சோதனைதான். அவர் "எனக்குப் பஸ் இருந்தது" என்று ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் இன்று படிக்கும்போது நமக்கும் புரியும்.

பிப்ரவரி 24, சற்றுப் பிறகு

"எல்லாவற்றுக்கும் உட்கார்ந்த இடம், பஸ் நேரம் என்றால் பாட்டு நன்றாக இருந்ததா இல்லையா என்பதை யார் சொல்வது" என்று சித்தூர் டீச்சர் கேட்கிறார். நியாயம். சொல்லத்தான் வேண்டும். இடத்தைச் சொல்லிவிட்டுத் தீர்ப்பைச் சொல்லாமல் நழுவுவதும் ஒருவகைக் கோழைத்தனம். கல்பாத்தியில் அன்று பாடியவரின் தோடி நீளம் அதிகம், சரக்கு குறைவு. திண்ணையிலிருந்து கேட்டாலும் அதுதான். போதுமா டீச்சர்?

மார்ச் 2

படம். எங்கள் பக்கத்தில் ஓர் அரங்கில் பழைய தமிழ்ப் படம் ஒன்றைப் போட்டார்கள். அந்தக் காலப் படச்சட்டம் ஏறக்குறைய சதுரம். அதை இன்றைய அகலத் திரைக்கு இழுத்து நிரப்பியதில் மேலேயும் கீழேயும் வெட்டுப்பட்டது. நடனக் காட்சியில் நாயகிக்குப் பாதம் இல்லை. சலங்கை கேட்கிறது, கால் தெரியவில்லை. கதாநாயகனுக்கு நெற்றி போய்விட்டதால் விபூதி வைத்த காட்சியில் அவர் வைக்காதவர் ஆகிவிட்டார். வெளியே வந்த ஓர் இளைஞர், "அந்தக் காலத்தில் கேமரா வைக்கத் தெரியாது போலிருக்கிறது" என்றார். ஒளிப்பதிவாளர் பாவம், செத்தும் பழி சுமக்கிறார். எதிர்த்துச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டுப் போட்டால் முழுச் சட்டமும் தெரியும். கேட்டதற்கு, "திரை காலியாக இருந்தால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள்" என்று பதில் வந்தது.

மார்ச் 3

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' 1938-ல் வந்தது. தயாரித்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம். கேரளத்தின் பேசும்படக் கதை தமிழ்நாட்டு ஸ்டுடியோவில் தொடங்குகிறது என்பது எல்லையில் இருக்கும் எங்களுக்குச் சொல்லித் திரிய வசதியான செய்தி. ஆனால் அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. பாதம் வெட்டியாவது ஒரு படம் கிடைக்கிறதே என்று நேற்றைய கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். கொஞ்சம்தான்.

இன்னொரு வம்பு. எம்.ஜி.ஆர். சிறுவயதில் இருந்த வீடு வடவன்னூரில், எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்தது எலப்புள்ளியில் (1928) என்று சொல்லி, இருவரையும் "எங்கள் ஆள்" என்று எந்தப் பழைய பாட்டைக் கேட்டாலும் பாராட்டுகிற நோய் இந்தப் பக்கத்தில் உண்டு. பாலக்காட்டுக்குப் போகும் பஸ் எலப்புள்ளியைத் தாண்டும்போது எனக்கும் நெஞ்சு நிமிரும். ஊர்ப்பாசத்தில் எழுதுகிறேன் என்று தலைப்பிலேயே போட்டுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

மார்ச் 6

எங்கள் பாலக்காட்டுச் சித்தூரில் கொங்கன் படைத் திருவிழா. கொங்கு ராஜாவின் படை வருகிறது, ஊர் பகவதியை நம்பி எதிர்க்கிறது, கொங்கன் தோற்கிறான். கும்ப மாதம் வந்தால் இதே முடிவு. பார்க்கப் போகும் எங்களில் பாதிப்பேர் கொங்குத் தமிழ் பேசுகிறவர்கள். நம் கட்சி தோற்பதைப் பார்க்க டிபன் கட்டிக்கொண்டு போகிறோம். விமர்சனம்: கதையில் திருப்பம் இல்லை, கூட்டம் குறையவில்லை, வெடிச் சத்தம் கூடுதல். வில்லன் தரப்புக்கு மறுபரிசீலனை மனு கொடுக்கலாமா என்று யோசிக்கிறோம்.

மார்ச் 9

பெரியம்மா மறுபடி கூத்துக்கு வந்தார், இந்த முறை என்னோடு. வழிபாடாகப் பணம் கொடுப்பவர்களுடைய பெயரைச் சொல்லிப் பாவைகள் வாழ்த்தும் வழக்கம் உண்டு. பேரனுக்குத் தேர்வு, அவன் பெயருக்குப் பணம் கட்டினார். பட்டர் (பிராமணர்) பாவைகள் ஆடிவந்து பெயர்ப்பட்டியலைச் சொல்லிக்கொண்டே போயின. பேரன் பெயர் வந்தது, நட்சத்திரத்தோடு. பெரியம்மா கைகூப்பினார், எழுந்தார், "போகலாம்" என்றார். கதை அப்போதுதான் தொடங்கவிருந்தது.

வழியில் கேட்டேன், எப்படி இருந்தது என்று. "பெயரை மென்று விழுங்காமல் தெளிவாகச் சொன்னார்கள். போன தடவை இன்னொரு காவில் சதீஷை சந்தோஷ் ஆக்கிவிட்டார்கள்" என்றார். அவருக்கு வேண்டியது உச்சரிப்புச் சுத்தம். அதை அவர் கவனித்தும் இருக்கிறார், ஒப்பிட்டும் இருக்கிறார். ஆனாலும் கொல்லங்கோட்டு அண்ணா கட்சிக்கு இது வலு சேர்க்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெரியம்மா கூத்தைப் பார்க்கவில்லை, பூஜை செய்துவிட்டு வந்தார். நான் மட்டும் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு திரிகிறேனோ என்ற சந்தேகம் வீடு வரும்வரை விடவில்லை.

மார்ச் 15

கூனத்தறைப் புலவர்களின் மேடைக்கூத்து பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பவருக்கு. கிருஷ்ணன்குட்டிப் புலவர் காலத்திலேயே இந்தக் கலை மாடத்தை விட்டு மேடைக்கும் வந்துவிட்டது. அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. காந்தி கதையைக்கூடப் பாவையில் காட்டியிருக்கிறார்கள். மேடையில் ஒரு மணி நேரத்துக்குள் முடியவேண்டும். ஆகவே பாவைகள் அதிகம் ஆடுகின்றன, வாய் குறைவாகப் பேசுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுதான் சரி. கண்ணுக்கு அது நிறைவு. காதுக்கு எனக்கு மாடம் வேண்டும். மேடைக்கூத்து இல்லாவிட்டால் இந்தக் கலை பாலக்காட்டுக்கு வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது, என்னைப்போன்ற பலர் மாடத்தைத் தேடிப் போயிருக்கவும் மாட்டோம்.

மார்ச் 17

கடைசியாக ஒரு சிக்கல், யோசனை சொல்லுங்கள். நேற்றைய கூத்தில் இந்திரஜித்துக்குக் குரல் கொடுத்தவர் இளைஞர், புதியவர். நடுவில் பாட்டுத் தொடர்ச்சி அறுந்துவிட்டது; மூத்தவர் எதிர்ப் பாவையின் வாயிலாகவே ஒரு கேள்வி கேட்டு, விட்ட இடத்துக்கு அவரை இழுத்து வந்தார். பார்க்க அழகான காப்பாற்றல். இதை எழுதினால் இளைஞர் தடுமாறியதும் வெளியே வரும். எந்தக் காவு, எந்த இரவு என்று போட்டால் யார் என்று அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். போடாவிட்டால் நான் போதிக்கும் சட்டத்தை நானே மீறுகிறேன்.

மார்ச் 17: கொல்லங்கோட்டு வாசகர்

"எழுதாதீர்கள். அடுத்த ஆண்டு அவன் ஒழுங்காகச் செய்தால் அப்போது இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்."

மார்ச் 18

விமர்சனமே கூடாது என்று தொடங்கியவர் இப்போது எனக்குப் பத்திரிகாசிரியர் ஆகிவிட்டார். காவின் பெயரை விட்டுவிட்டேன் அண்ணா, மூத்தவரின் கேள்வியை விடமாட்டேன். பட்டாபிஷேக இரவுக்கு வருகிறீர்களா? திண்ணையில் எனக்கும் ஓர் இடம் பிடித்து வையுங்கள். நான் தூங்கினால் எழுப்பவேண்டாம். எங்கிருந்து எதுவரை என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.